தோள் இறுகினால் தொக்கணமா, பிசியோதெரபியா?

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு, அதிலும் சர்க்கரை நோயாளிகளுக்குத் தோள் இறுகிப்போவது அடிக்கடி நடக்கிறது. சட்டைக்குள் கையை நுழைப்பதே பெரும்பாடாகிவிடும். எனக்கும் வந்தது, இரண்டு வைத்தியத்தையும் பார்த்துவிட்டேன்.

தொக்கணம் சித்த மருத்துவத்தின் புறச் சிகிச்சை. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என ஒன்பது வகைகள். வாதகேசரி போன்ற தைலத்தை இளஞ்சூட்டில் தேய்த்து, கழுத்திலிருந்து முழங்கை வரை பிடித்துவிடுவார்கள். நாம் சும்மா படுத்திருந்தால் போதும். எழுந்திருக்கும்போது தோள் பஞ்சாகிவிடும். அன்றிரவு தூக்கமும் வரும். ஆனால் எனக்கு இரண்டே நாளில் பழைய இறுக்கம் திரும்பிவிட்டது.

பிசியோதெரபியில் அந்தச் சுகமெல்லாம் கிடையாது. பிசியோதெரபிஸ்ட் மூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து அசைப்பார், கண்ணில் நீர் வரும். மீதி வேலை நம் தலையில்: சுவரில் விரல்களை நண்டுபோல் மேலே நடத்துவது, குனிந்து கையைத் தொங்கவிட்டு ஊசலாட்டுவது. சுவரில் பென்சிலால் கோடு போட்டுவைத்தேன். முதல் வாரம் கோடு நகரவே இல்லை. மூன்றாம் மாதம் பரணைத் தொட்டேன்.

மூட்டைச் சுற்றிய உறையே தடித்துச் சுருங்குவதுதான் இந்த நோய் என்பதால், அசைவை மீட்க நான் பிசியோதெரபியையே சொல்வேன். வேலைக் களைப்பில் தசை பிடித்துக்கொண்டால் தொக்கணத்துக்கே போவேன். கீழே விழுந்தபின் வந்த வலியென்றால் இரண்டும் வேண்டாம், முதலில் எக்ஸ்ரே.