கூகுளின் ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் சான்றிதழ்: டீம் லீடுகளுக்கு எவ்வளவு பயன்?

ஆன்லைன் படிப்புத் தளமான கோர்ஸேராவில் கூகுள் தரும் ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் சான்றிதழ்ப் படிப்பை முடித்துவிட்டேன். சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் பல வருடம் இருந்துவிட்டு டீம் லீடாக வந்தவள் நான். அட்டவணை போடுவதும் செலவுக் கணக்குப் பார்ப்பதும் வேலையிலேயே பழகிவிடும். நமக்குக் கீழே நேரடியாக வராதவர்களிடம் வேலை வாங்குவதுதான் பெரும்பாடு. டெவலப்பருக்கு மேனேஜர் வேறு, டிசைனருக்கு மேனேஜர் வேறு. கெடு மட்டும் நம் தலையில். அதற்கு இது உதவுமா என்றுதான் சேர்ந்தேன். உதவுகிறது.

2021-ல் வந்தபோது மொத்தம் ஆறு பகுதிகள். முதல் பகுதி அறிமுகம், அனுபவம் உள்ளவர்கள் வேகமாக ஓட்டிவிடலாம். இரண்டாவதில் வரும் ரேசி அட்டவணைக்கு நேரம் கொடுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் செய்பவர் யார், பொறுப்பேற்பவர் யார், யாரிடம் கருத்துக் கேட்க வேண்டும், யாருக்குத் தகவல் சொன்னால் போதும் என்று கட்டம் போட்டு எழுதுவது. செய்பவர்கள் பலர் இருக்கலாம், பொறுப்பு ஒருவருக்குத்தான். பாடம் முடிந்த கையோடு எங்கள் ப்ராஜெக்டுக்கு ஒன்று போட்டேன். ரிலீஸ் அன்று லைவ் டேட்டாவைச் சரிபார்ப்பது யார் என்ற வரியில் டெவலப்பர்கள் டெஸ்டிங்கை எழுதினார்கள், டெஸ்டர்கள் சப்போர்ட் டீமை எழுதினார்கள். அந்த ஒரு வரியைத் தீர்க்கவே நல்ல நேரம் பிடித்தது. ஒரு பெயர் முடிவான பிறகு அடுத்த ரிலீஸில் ‘இதை யார் செய்வது’ என்று யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

நான்காவது பகுதிதான் உயிர். உளவியலாளர் புரூஸ் டக்மன் 1965-ல் சொன்ன குழு வளர்ச்சிப் படிகளை இங்கே விளக்குகிறார்கள்: கூடுவது, முட்டிக்கொள்வது, ஒத்துப்போவது, அப்புறம் வேலை சீராக ஓடுவது. புது டீமில் உரசல் வந்ததும் பயந்துபோய் ஆளை மாற்றக் கேட்கும் லீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் இதை அவசியம் பார்க்க வேண்டும். பிரச்சினையை மேலிடத்துக்கு எடுத்துச் செல்லும் மின்னஞ்சல் எழுதவும் கற்றுத் தருகிறார்கள். யார் மேலும் பழி போடாமல் சிக்கலையும் அதன் விளைவையும் சொல்லி, என்ன செய்யலாம் என்று நாமே முன்வைத்துக் கேட்பது. இன்றும் அதே வரிசையில்தான் எழுதுகிறேன்.

ஆறாவது பகுதியில் ஒரு கற்பனை உணவகம். மேசைக்கு மேசை டேப்லெட் வைத்து ஆர்டர் எடுக்கத் திட்டம். ஆளுக்கொரு எதிர்பார்ப்பு, அத்தனை பேரையும் ஒரு முடிவுக்குக் கொண்டுவர வேண்டும். நல்ல பயிற்சி, அவசரப்பட்டு முடிக்காதீர்கள்.

ஒரு குறை உண்டு. கூட்டத்தில் எல்லோரும் மனதில் பட்டதைச் சொல்லிவிடுவார்கள் என்ற எண்ணத்திலேயே பல பாடங்கள் போகின்றன. நம் ஊர் டீமில் சீனியர் இருக்கும்போது புதிதாகச் சேர்ந்த பையன் வாய் திறக்க மாட்டான். ‘முடிஞ்சிடும் மேடம்’ என்பான். முடியாது என்ற விஷயம் டீக்கடையில்தான் வெளியே வரும். அதை அங்கேயே காது கொடுத்துக் கேட்டு, அவன் பெயர் அடிபடாமல் கூட்டத்துக்குக் கொண்டுவருவது எப்படி என்று இந்தப் படிப்பு சொல்லித் தராது.

கட்டணம் மாதச் சந்தா, அதனால் சீக்கிரம் முடித்தால் செலவு குறையும். கட்ட முடியாதவர்கள் நிதி உதவிக்கு விண்ணப்பிக்கலாம். சான்றிதழ் வேண்டாம், டீமை நடத்தத் தெரிந்தால் போதும் என்பவர்கள் இரண்டாவதையும் நான்காவதையும் மட்டும் எடுங்கள், எல்லாப் பகுதிகளையும் முடிக்க வேண்டிய கட்டாயமில்லை.