சேவைச் சங்கத்தில் சேரலாமா? பல வருடம் சந்தா கட்டிய ஒருவனின் அனுபவம்

சேவைச் சங்கத்தில் சேர நினைப்பவர்கள் பெரும்பாலும் சந்தா எவ்வளவு என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. சேர்ந்த முதல் மாதத்தில் என் கையில் என்ன வேலை கொடுப்பீர்கள்? இதற்குப் பதில் வைத்திருக்கிற சங்கத்தில் தைரியமாகச் சேரலாம். "முதல்ல வந்து பழகுங்க, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சொல்கிற சங்கத்தில் பழக்கம் மட்டும்தான் மிஞ்சும். ஒரு பன்னாட்டு அமைப்பின் கிளைச் சங்கத்தில் நீண்ட காலம் இருந்து, செயலாளர், பொருளாளர் என்று இரண்டு நாற்காலியிலும் உட்கார்ந்து பார்த்துவிட்டு இதைச் சொல்கிறேன். எந்த அமைப்பு என்பது இங்கே முக்கியமில்லை. ரோட்டரியோ, லயன்ஸோ, கிவானிஸோ, உள்ளே நடப்பது கிட்டத்தட்ட ஒன்றுதான்.

கூட்டத்தில் தொடங்குகிறேன். தலைவர் மணி அடிப்பார், செயலாளர் அறிக்கை வாசிப்பார், பிறந்தநாள் கொண்டாடுபவர்களுக்குக் கைதட்டல், விருந்தினர் பேச்சு, நன்றியுரை, மறுபடி மணி. புதிதாக வருபவருக்கு இது கொஞ்சம் நாடகம் மாதிரி தெரியும். பழகிய பிறகும் அப்படித்தான் தெரியும், ஆனால் தொந்தரவாக இருக்காது. இதில் யாரும் சரியாக மதிக்காத ஒரு லாபம் விருந்தினர் பேச்சு. தீயணைப்புத் துறை அதிகாரி ஒருவர் ஒருமுறை வந்திருந்தார். தீயைவிடப் புகைதான் அதிகம் பேரைக் கொல்கிறது என்று பேசிக்கொண்டே வந்தவர், நடுவில் நிறுத்திவிட்டு எங்கள் அரங்கின் அவசர வழி எது என்று கேட்டார். எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். கதவுக்கு முன்னால் உபரி நாற்காலிகளைக் கூரை உயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தார்கள். அன்றைக்கு நன்றியுரைக்கு முன்பே நாற்காலிகள் இடம் மாறின. பல தீர்மானங்கள் செய்யாத வேலையை அந்தப் பேச்சு செய்தது.

அபராதம் வசூலிக்கும் பழக்கமும் உண்டு. தாமதமாக வந்தால், சின்னம் குத்தாமல் வந்தால், பத்திரிகையில் படம் வந்தால்கூட உண்டியலில் காசு போட வேண்டும். லயன்ஸ் சங்கங்களில் இதற்கென்றே டெயில் ட்விஸ்டர் என்று ஒரு பதவி இருக்கிறது. மாதிரி விதிகளின்படி ஒரே கூட்டத்தில் ஒருவருக்கு இரண்டு முறைக்கு மேல் அபராதம் போட முடியாது. டெயில் ட்விஸ்டருக்கே அபராதம் போடுவதென்றால் வந்திருக்கும் அத்தனை பேரும் ஒருமனதாக ஒப்புக்கொள்ள வேண்டும். விதி எழுதியவர்களுக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்கிறது.

கூட்டமே நோக்கமாகிவிடும் நோய் இந்தச் சங்கங்களுக்குப் பிறவியிலேயே உண்டு. ரோட்டரி 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞரும் வேறு மூன்று பேரும் கூடியதில் தொடங்கியது. ஒவ்வொருவர் அலுவலகத்திலும் மாறி மாறிக் கூடினார்கள். நட்பு, தொழில் தொடர்பு, அவ்வளவுதான் அப்போதைய நோக்கம். சேவை பிறகு வந்து சேர்ந்தது. 1907இல் சிகாகோவில் பொதுக் கழிப்பறைக்காக முயற்சி எடுத்ததைத்தான் முதல் சேவைத் திட்டமாகச் சொல்வார்கள். தொடர்ந்து நான்கு கூட்டம் வராவிட்டால் உறுப்பினர் தகுதியே போய்விடும் என்ற கெடுபிடியும், வர முடியாதவர்கள் வேறு ஊர்ச் சங்கத்துக்குப் போய் வருகையை ஈடுகட்டும் வழக்கமும் ரோட்டரியில் நெடுங்காலம் இருந்தன. 2016இல் ரோட்டரியின் விதிகளைத் திருத்தும் பேரவை கூடி இதையெல்லாம் தளர்த்தி, மாதத்தில் இரண்டு முறை கூடினால் போதும் என்று சங்கங்களுக்கு விட்டுக்கொடுத்தது. நல்ல முடிவு என்றுதான் நினைக்கிறேன். வாராவாரம் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவர்களில் எத்தனை பேர் முகாம் அன்று காலையில் மேசை தூக்க வந்தார்கள் என்று பார்த்தால், அந்தப் பதிவேட்டுக்குப் பெரிய மதிப்பு இல்லை.

உறுப்பினர்களை எடுத்துக்கொண்டால், எந்தச் சங்கத்திலும் வேலை செய்வது ஒரு கைப்பிடி பேர்தான். மற்றவர்கள் சந்தாவும் சிரிப்பும் கொடுப்பார்கள். அதையும் குறை சொல்ல மாட்டேன், அந்தச் சந்தா இல்லாவிட்டால் அரங்க வாடகை யார் கட்டுவது? சிக்கல் புதியவர்களிடம்தான். நண்பர் ஒருவர் அழைத்து வருவார், மேடையில் சின்னம் குத்துவார்கள், படம் எடுப்பார்கள். அதற்குப் பிறகு அவரை யாரும் எதற்கும் கூப்பிட மாட்டார்கள். ஆறு மாதத்தில் வருகை குறையும், அடுத்த சந்தா நேரத்தில் ஆள் இருக்க மாட்டார். இதற்கு மாறாக, சேர்ந்த மறுவாரமே ரத்த தான முகாமில் பதிவு மேசையில் உட்கார வைத்த ஒருவர் இன்றைக்கும் எங்களோடு இருக்கிறார். வரிசையில் நிற்பவர்களின் பெயரைக் கேட்டு, எடை குறித்து, கடைசியாக எப்போது ரத்தம் கொடுத்தார்கள் என்று விசாரித்து, கொடுத்தவர்கள் கொஞ்ச நேரம் உட்கார்ந்து எழுந்து போகிறார்களா என்று கவனிப்பது அவர் வேலை. ஒரு காலையிலேயே சங்கம் என்ன செய்கிறது என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. பத்து கூட்டம் உட்கார்ந்திருந்தாலும் அது புரிந்திருக்காது.

பெண்கள் விஷயத்தில் இந்த அமைப்புகளின் வரலாறு பெருமைப்படும்படி இல்லை. கலிபோர்னியாவில் டுவார்ட்டே என்ற ஊரின் ரோட்டரி சங்கம் 1977இல் பெண்களைச் சேர்த்ததற்காக அங்கீகாரத்தையே இழந்தது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1987 மே மாதம் சங்கத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்த பிறகுதான் கதவு திறந்தது. லயன்ஸும் அதே ஆண்டில்தான் திறந்தது. எங்கள் சங்கத்தில் கணக்கு முதன்முதலாக நேரான வடிவத்துக்கு வந்தது ஒரு பெண் பொருளாளர் காலத்தில்தான். அவர் போட்ட முறையைத்தான் பிறகு நானும் பின்பற்றினேன்.

இனி நிதி. வெளியே இருப்பவர்களுக்கு நிதி திரட்டுவது என்றால் இசை நிகழ்ச்சி, குலுக்கல், விழா மலர் என்று தெரியும். உள்ளே இருந்து பார்த்தால் நிகழ்ச்சி என்பது காசை வாங்குவதற்கு ஒரு சாக்கு. இசை நிகழ்ச்சியில் வந்த மொத்த வசூலை மேடையில் அறிவிக்கும்போது கைதட்டல் அதிரும். அரங்கம், ஒலி அமைப்பு, அச்சு, கலைஞர்களின் பயணம் எல்லாம் கழித்த பிறகு கையில் நிற்பது அடுத்த மாதம்தான் தெரியும், அதைக் கேட்க ஆள் இருக்காது. டிக்கெட்டில் பெரும் பகுதியை உறுப்பினர்களே வாங்கிவிடுவதும் நடக்கும். அப்படியானால் அது நிதி திரட்டல் இல்லை, மறைமுகச் சந்தா. எங்கள் அனுபவத்தில் உண்மையில் நின்றது விழா மலர் விளம்பரமும் நேரில் போய்க் கேட்ட நன்கொடையும்தான். அதிலும் "உதவி பண்ணுங்க" என்று பொதுவாகக் கேட்டால் ஏதோ கொடுத்து அனுப்புவார்கள். "இத்தனை பேருக்குக் கண்ணாடி வாங்க வேண்டும், பாதி சேர்ந்துவிட்டது, மீதியில் உங்கள் பங்கு எவ்வளவு?" என்று கேட்டால் கணக்குப் போட்டுக் கொடுப்பார்கள்.

பொருளாளரின் உண்மையான தலைவலி குலுக்கல் சீட்டுப் புத்தகம். எண் போட்டு, கையெழுத்து வாங்கிக் கொடுத்திருந்தாலும், நிகழ்ச்சி அன்று இரவு ஒரு சில புத்தகம் திரும்பி வந்திருக்காது. விற்றவருக்கு வெட்கம், விற்காதவருக்கு இன்னும் வெட்கம். எங்கள் முறை இதுதான்: எல்லாரும் கிளம்பிய பிறகு மூன்று பேர் மேசையைச் சுற்றி உட்காருவோம். ஒருவர் அடிக்கட்டையை எண்ணுவார், ஒருவர் நோட்டை எண்ணுவார், மூன்றாமவர் எழுதுவார். இரண்டு எண்ணிக்கையும் ஒத்துப்போனால்தான் புத்தகத்தின் அட்டையில் மூன்று பேரும் கையெழுத்துப் போட்டு ரப்பர் பேண்டு மாட்டுவோம். ஒத்துப்போகாவிட்டால் அந்தப் புத்தகம் தனி உறையில் போகும், அவருக்கு மறுநாள் காலையில் போன். அலுப்பாகத்தான் இருக்கும். ஆனால் இந்த முறை வந்த பிறகு பணத்தைப் பற்றிச் சங்கத்தில் கிசுகிசு நின்றுவிட்டது.

இன்னொன்றில் எந்தச் சமரசமும் கூடாது. பொதுமக்களிடம் வாங்கிய பணம் ஒரு கணக்கு, சந்தாவும் நிர்வாகச் செலவும் வேறு கணக்கு. பொதுப் பணத்தை நிர்வாகத்துக்குத் தொடக் கூடாது என்று லயன்ஸ் விதியிலேயே இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு சங்கம் இரண்டையும் கலந்து வைத்திருந்தது. பதவியேற்பு விழாச் செலவை முகாம் நிதியிலிருந்து "தற்காலிகமாக" எடுத்தார்கள், திருப்பி வைக்கவே இல்லை. அடுத்த ஆண்டு நன்கொடை கேட்டுப் போனவர்களிடம் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார்கள்.

ஒழுங்காகக் கேட்டால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்குப் பெரிய உதாரணம் ரோட்டரியின் போலியோ நிதி. 1985இல் அறிவித்த இயக்கத்துக்கு 12 கோடி டாலர் இலக்கு வைத்தார்கள், 1988இல் கணக்குப் பார்த்தபோது 24.7 கோடி டாலருக்கு வாக்குறுதி சேர்ந்திருந்தது. ரோட்டரியின் அறக்கட்டளைக்கு வந்த முதல் நன்கொடை 26 டாலர் 50 சென்ட். கேட்ட காரணம் ஒன்று, அது எல்லாருக்கும் புரிந்தது, வருடா வருடம் மாறவில்லை.

கிளைச் சங்கங்களில் இடறுவது இந்தக் கடைசி விஷயத்தில்தான். தலைவர் பதவி ஒரே வருடம், ரோட்டரியிலும் லயன்ஸிலும் ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. வருகிற ஒவ்வொருவருக்கும் தன் பெயர் சொல்லும் புதுத் திட்டம் வேண்டும். போன வருடம் நட்ட மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவதில் யாருக்கும் பெயர் கிடைப்பதில்லை. அடுத்தடுத்து வரப்போகும் மூன்று தலைவர்களை ஒன்றாக உட்கார வைத்து ஒரே திட்டத்துக்குச் சம்மதம் வாங்கிய பிறகுதான் எங்கள் கண் பரிசோதனை முகாம் தொடர்ச்சியாக நடந்தது, கொடுப்பவர்களும் கேட்காமலே கொடுக்க ஆரம்பித்தார்கள்.

சேர யோசிப்பவர்கள் இரண்டு கூட்டத்துக்கு விருந்தினராகப் போங்கள், ஒரு முகாமுக்கு வேலையாளாகப் போங்கள், போன வருட வரவு செலவைக் காட்டச் சொல்லுங்கள். தயங்காமல் எடுத்துக் காட்டினால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். நான் இந்த ஜூலைக்கும் சந்தா கட்டிவிட்டேன். பொருளாளர் பொறுப்பு மட்டும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன், கேட்பார்களா என்று பார்க்கலாம்.