வீடு விற்கிறவர்கள் கவனத்துக்கு: பணம் வரும் முன் கையெழுத்துப் போடாதீர்கள்

வீட்டு விவகாரத்தில் ஏமாறுவது வாங்குபவர்தான் என்று நம் ஊரில் ஒரு நினைப்பு இருக்கிறது. அதனால் வாங்குபவர் வக்கீலைப் பார்க்கிறார், வில்லங்கம் போட்டுப் பார்க்கிறார், முப்பது வருடத்துப் பத்திரங்களைப் புரட்டுகிறார். விற்பவரோ புரோக்கர் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுகிறார். தமிழ்நாட்டில் வீடு விற்க இருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுதாகப் படித்த பிறகு அட்வான்ஸில் கை வையுங்கள்.

முதலில் உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கு. குஜராத்தில் சூரத் பக்கம் ஒரு குடும்பம் 2009 ஜூலையில் தங்கள் நிலத்தைக் கிரயம் செய்து கொடுத்தது. விலை 1 கோடியே 74 லட்சத்து 2 ஆயிரம் ரூபாய். பணம் வந்தது 36 காசோலைகளாக. அதில் ஆறு மட்டும், மொத்தம் 40,000 ரூபாய்தான், கைக்கு வந்தது என்பது அவர்கள் புகார். 2014 டிசம்பரில் கோர்ட்டுக்குப் போனார்கள். அதற்குள் நிலம் வேறு கைக்கு மாறியிருந்தது. 2020 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அவர்கள் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. முழு விலையும் வரவில்லை என்றே வைத்துக்கொண்டாலும் பதிவான கிரயம் அதனால் செல்லாமல் போகாது, பாக்கியை வசூலிக்கத் தனியாக வழி தேட வேண்டும் என்றது. வழக்குப் போடுவதற்கான மூன்று வருடக் காலக்கெடுவும் தாண்டியிருந்தது.

காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. சொத்து மாற்றுச் சட்டத்தின் 54ஆம் பிரிவுப்படி, கொடுத்த விலைக்கும் கிரயம் செல்லும், கொடுப்பதாக ஒப்புக்கொண்ட விலைக்கும் செல்லும். பதிவு முடிந்ததும் வீடு வாங்கியவருடையது. உங்களுக்கு மிஞ்சுவது வசூலாக வேண்டிய பாக்கி. விலைப் பாக்கிக்காக அந்த வீட்டின் மேல் உங்களுக்கு ஓர் உரிமை உண்டுதான். ஆனால் அதை நிலைநாட்ட சிவில் கோர்ட்டில் வருடக்கணக்கில் நிற்க வேண்டும். போதாக்குறைக்கு, ‘கிரயத் தொகை முழுவதையும் பெற்றுக்கொண்டேன்’ என்று பத்திரத்தில் நீங்களே கையெழுத்துப் போட்டிருப்பீர்கள்.

ஆகவே பத்திர எழுத்தரிடமிருந்து வரைவை இரண்டு மூன்று நாள் முன்பே வாங்கிப் படியுங்கள். பணம் பெற்ற விவரம் எழுதிய பத்தியில் ஒவ்வொரு தொகைக்கும் தேதி, வங்கி, ஆர்.டி.ஜி.எஸ். (வங்கிக் கணக்குக்கு நேரடியாக அனுப்பும் முறை) என்றால் அதன் யு.டி.ஆர். எனும் பரிமாற்ற எண், டி.டி. என்றால் அதன் எண் இருக்க வேண்டும். ஆர்.டி.ஜி.எஸ். 2020 டிசம்பரிலிருந்து 24 மணி நேரமும் இயங்குகிறது. ‘லீவு நாள், நாளைக்குத்தான் ஏறும்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உங்கள் கணக்கில் பணம் ஏறியதைப் பார்த்த பிறகே சார்பதிவாளர் முன் போட்டோவுக்கும் கைரேகைக்கும் உட்காருங்கள். டி.டி. கொண்டுவந்தால், அதைக் கொடுத்த வங்கிக் கிளையை நீங்களே தேடிப் பிடித்துக் கேளுங்கள், வாங்குபவர் தரும் போன் நம்பரில் கேட்காதீர்கள். பதிவு நாளில் காசோலை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். காசோலை திரும்பினால், தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், பணம் கட்ட அவருக்கு 15 நாள், அதன் பிறகு ஒரு மாதத்துக்குள் புகார் என்று வழி உண்டு. அந்த வழக்கில் ஜெயித்தாலும் வீடு திரும்பி வராது.

அடுத்த பொறி, கிரய ஒப்பந்தம். தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து இதைப் பதிவு செய்வது கட்டாயம். பதிவானதும் வில்லங்கச் சான்றில் ஏறிவிடும். நடப்பது இதுதான்: வாங்குபவர் மாதிரி வருகிறவர் ஒரு லட்சமோ இரண்டு லட்சமோ அட்வான்ஸ் கொடுத்து, 11 மாதக் கெடு போட்டு ஒப்பந்தத்தைப் பதிவு செய்துகொள்வார். உள்ளே ‘எனது பெயரிலோ அல்லது நான் சுட்டிக்காட்டும் நபரின் பெயரிலோ’ என்று ஒரு வரி இருக்கும். அவருக்கு வாங்கும் எண்ணமே கிடையாது. உங்கள் வீட்டை இன்னொருவரிடம் விலை ஏற்றிச் சொல்லி, வித்தியாசத்தை எடுத்துக்கொள்வதே திட்டம். ஆள் கிடைக்காவிட்டால் கெடு முடிந்த பிறகும் ரத்துப் பத்திரத்துக்குக் கையெழுத்துப் போட வரமாட்டார், அதற்கும் பணம் கேட்பார். வில்லங்கத்தில் அந்தப் பதிவு நிற்கும்வரை வங்கிக் கடனில் வாங்குகிறவர் கிட்டே வரமாட்டார். ஒப்பந்தத்தை நிறைவேற்றித் தரக் கோரி வழக்குப் போட அவருக்குக் கெடு நாளிலிருந்து மூன்று வருடம் அவகாசம் வேறு இருக்கிறது. வீடு விற்பவர்களை இந்த அளவுக்கு முடக்கிப்போடுவது வேறு எதுவும் இல்லை என்பது எங்கள் கருத்து.

அந்த ‘சுட்டிக்காட்டும் நபர்’ வரியை அடிக்கச் சொல்லுங்கள். மறுத்தால் வந்தவர் யாரென்று தெரிந்துவிட்டது. கெடு 90 நாளுக்கு மேல் வேண்டாம். அட்வான்ஸ், விலையில் 10 முதல் 20 சதவீதமாவது இருக்கட்டும். சில்லறை அட்வான்ஸை விட்டுவிட்டுப் போக யாருக்கும் வலிக்காது. குறித்த நாளில் பணம் வராவிட்டால் அட்வான்ஸில் எவ்வளவு பிடித்தம், எத்தனை நாளில் ரத்துப் பத்திரம் என்பதை எழுத்தில் போடுங்கள். கெடு தாண்டிய மறுநாளே வக்கீல் நோட்டீஸை ஒப்புகையுடன் அனுப்புங்கள். சும்மா இருந்தால் கெடுவை நீங்களே நீட்டித்துக் கொடுத்ததாக வாதம் வரும்.

‘அலைச்சல் வேண்டாம் சார், பவர் குடுத்துடுங்க, நான் முடிச்சுத் தர்றேன்’ என்று புரோக்கர் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். பொது அதிகாரப் பத்திரத்தில் விற்கவும் தொகையைப் பெறவும் அதிகாரம் இருந்தால் பணம் அவர் கைக்குப் போகும், கிரயம் உங்களைக் கட்டுப்படுத்தும். வெளிநாட்டில் இருப்பவர்கள் கூடப்பிறந்தவருக்குக் கொடுப்பதாக இருந்தாலும், அந்த ஒரு சொத்துக்கு மட்டும் என்றும், தொகை உங்கள் வங்கிக் கணக்குக்கே வர வேண்டும் என்றும் எழுதுங்கள்.

சாவி கடைசியில்தான். ‘நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சிக்கிறோம்’, ‘பெயிண்ட் அடிக்க ஆரம்பிச்சுக்கிறோம்’ என்று பதிவுக்கு முன் கேட்பார்கள். ஒப்பந்தத்தோடு வீட்டை அவர் கைவசமும் கொடுத்துவிட்டால் அவரை வெளியேற்றுவது தனி வழக்கு. மூலப் பத்திரமும் அப்படியே. லீகல் பார்க்க நகல் போதும். நகலின் குறுக்கே யாருக்கு, எதற்கு, எந்தத் தேதியில் கொடுத்தது என்று எழுதிக் கொடுங்கள்.

வீட்டின் மேல் கடன் இருந்து அடைத்திருந்தால், விளம்பரம் கொடுப்பதற்கு முன்பே வங்கியைக் கூட்டி வந்து ரசீது ஆவணம் பதிவு செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடைத்த கடன் வில்லங்கத்தில் அப்படியே தெரியும், வாங்குபவர் அதைச் சொல்லியே விலையை இறக்குவார். அசல் பத்திரங்களை முழுக் கடனும் அடைத்த 30 நாளுக்குள் வங்கி திருப்பித் தர வேண்டும். தன் தவறால் தாமதித்தால் நாளுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்பது 2023 டிசம்பரிலிருந்து ரிசர்வ் வங்கியின் விதி.

வரியில் விற்பவர் தலையில் விடிவது மூன்று. அட்வான்ஸோ கிரயத் தொகையோ 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய அளவுக்கே அபராதம் வரலாம். அது பணம் பெற்ற உங்களுக்குத்தான், கொடுத்தவருக்கு இல்லை. பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டி, அது அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பைவிட 10 சதவீத வரம்பைத் தாண்டிக் கீழே போனால், வழிகாட்டி மதிப்பையே நீங்கள் பெற்றதாக வைத்து மூலதன ஆதாய வரி கணக்கிடுவார்கள். விற்பவர் இந்தியாவில் வசிப்பவராக இருந்து, விலை 50 லட்சமும் அதற்கு மேலும் என்றால் வாங்குபவர் 1 சதவீதம் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். பிடித்துவிட்டுக் கட்டாமல் விடுகிறவர்கள் உண்டு என்பதால் பதிவு நாளிலேயே சலான் நகலைக் கையில் வாங்குங்கள். உங்கள் பான் ஆதாருடன் இணையாமல் செயலிழந்திருந்தால் அந்தப் பிடித்தம் 20 சதவீதமாகிவிடும். வீட்டை விலைக்குச் சொல்வதற்கு முன்பே அதைச் சரிபார்த்துவிடுங்கள்.