பழைய அம்பாசிடர் வெச்சிருக்கவங்க, சைலன்சர் வேலைக்கு விடுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிருங்க

ரொம்ப நாளா போடலாமா வேண்டாமான்னு யோசிச்சிட்டே இருந்தேன். வீட்டுக்காரம்மா தான் "நம்ம ஏமாந்தது நம்மளோட போகட்டும், போடுங்க"ன்னு சொன்னா. கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

வண்டி 1972 மாடல் அம்பாசிடர் மார்க் 2. அப்பா செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது, நான் பொறந்து ஆஸ்பத்திரில இருந்து வீட்டுக்கு வந்ததே அதுல தானாம். 1489 சிசி பெட்ரோல் எஞ்சின், மாத்தல, டீசல் எஞ்சின் தூக்கி வைங்கன்னு எத்தனையோ பேர் சொல்லியும் அப்பா கேக்கல. 50 வருஷம் தாண்டிருச்சே, 2021-ல வந்த விண்டேஜ் ரூல்ல, அதாவது 50 வருஷம் தாண்டின பழைய வண்டிங்களுக்கான விதில, விண்டேஜ் வண்டியா பதிவு பண்ணிரலாம்னு எனக்கு ஒரு ஆசை. அதுக்கு சேசிஸ், பாடி, எஞ்சின்ல கை வெக்காம ஒரிஜினலா இருக்கணும். இதை ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி வரும்.

போன வருஷம் சைலன்சர் துருப்புடிச்சு ஓட்டை விழுந்துருச்சு. ஸ்டார்ட் பண்ணா தெருவே திரும்பிப் பாக்குது. தெரிஞ்சவர் ஒருத்தர் சொன்னாருன்னு கோயமுத்தூர்லயே ஒரு கடைக்குப் போனேன், பேரு இங்க போடல, கேக்காதீங்க. கடை வாசல்ல பளபளன்னு பைப்பா தொங்கவிட்டிருந்தாங்க, அதுலயே பாதி விழுந்துட்டேன்னு இப்ப தோணுது. நான் தெளிவா தான் சொன்னேன், "அண்ணா, ஒரிஜினல்ல எப்படி இருந்துச்சோ அப்படியே, பின்னாடி பம்பருக்கு அடில நேரா வெளிய வரணும்"னு. அவரு வண்டிக்கு அடில டார்ச் அடிச்சுப் பாத்துட்டு வந்து, "சார், பின்னாடி வரைக்கும் இழுத்தா பெட்ரோல் டேங்க் பக்கத்துல சூடு போகும், ரிஸ்க்கு. பின் வீலுக்கு முன்னாடியே லெஃப்ட் சைடுல எடுத்து விட்டுரலாம், பழைய ரேஸ் கார்ல எல்லாம் அப்படித்தான் இருக்கும், பிக்கப்பும் ஏறும்"னாரு. டேங்க்குன்னு சொன்ன உடனே எனக்கு பயம் வந்துருச்சு, கூடவே அந்த ரேஸ் காருங்கற வார்த்தை கொஞ்சம் இனிச்சுதுன்னும் ஒத்துக்கறேன். தலையாட்டிட்டேன்.

இப்ப யோசிச்சா சிரிப்பா வருது. கல்கத்தா பக்கத்துல உத்தர்பாரா ஃபேக்டரில 1957-ல இருந்து 2014 வரைக்கும் இந்த வண்டியைத் தயாரிச்சாங்களே, அத்தனை வருஷமும் பின்னாடி தானே புகை வந்துச்சு, டேங்க்கும் பின்னாடி தானே இருந்துச்சு? உண்மையான காரணம் பின்னாடி தெரிஞ்சுது, அந்தக் கடைல பைப்பை ஒழுங்கா வளைக்கிற மெஷினே கிடையாது. பின் ஆக்ஸிலைத் தாண்டிக் கொண்டு போறது தான் சைலன்சர் வேலையிலயே கஷ்டமான இடம், பள்ளத்துல வீல் ஏறி இறங்கும்போது ஆக்ஸில் மேல வந்து பைப்ல இடிக்கக்கூடாது, லீஃப் ஸ்ப்ரிங் இருக்கு, பிரேக் பைப் இருக்கு, எல்லாத்துக்கும் இடம் விட்டு வளைக்கணும். அது வராதவங்களுக்கு "சைடுல எடுத்துரலாம்" தான் ஈஸி.

நான் சொந்தக்காரங்க கல்யாணத்துக்கு நாலு நாள் ஊருக்குப் போயிட்டேன். திரும்பி வந்தா வண்டி ரெடி. எஸ்டிமேட் எட்டாயிரத்து ஐநூறு, பில்லு பதினாலாயிரத்து இருநூறு. பில்லுன்னா துண்டு சீட்டுல பேனாவுல எழுதினது, "எஸ்எஸ் 304 ஃபுல் எக்ஸாஸ்ட், ஃப்ரீ ஃப்ளோ"ன்னு, அதாவது 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல முழு புகை பைப்பும், புகை தடையில்லாம போற மாதிரி. சத்தம் கேக்க நல்லா தான் இருந்துச்சு, பொய் சொல்லல, ரெண்டு நாள் சாயந்திரம் ரேஸ் கோர்ஸ் ரோட்டை சும்மா சுத்திட்டு வந்தேன்.

அடுத்த வாரம் குடும்பத்தோட குன்னூர் கிளம்பினோம். மேட்டுப்பாளையம் தாண்டி கல்லாறுல மலை ஏற ஆரம்பிச்சதும் பின் சீட்ல இடது பக்கம் உக்காந்திருந்த பையன் தலை வலிக்குதுன்னான், கொஞ்ச நேரத்துல வாந்தி. பர்லியார்ல நிறுத்தி முகம் கழுவி விட்டு எலுமிச்சம்பழம் வாங்கிக் கொடுத்தோம். மொத்தம் 14 கொண்டை ஊசி வளைவு, யாருக்கா இருந்தாலும் வரத்தானே செய்யும்னு நெனச்சோம். வீட்டுக்காரம்மாவுக்கும் தலைவலி, அது ஏசி இல்லாததால வெயில்னு நெனச்சோம். எல்லாத்துக்கும் ஒரு காரணம் கைல ரெடியா இருந்துச்சு பாருங்க. திரும்பி வரும்போது மேட்டுப்பாளையத்துல இருந்து காரமடை வரைக்கும் ரோடு நேரா தான் இருக்கு, வளைவே இல்ல, ஆனா பையன் கண்ணு சொருகி தூங்கறான், எழுப்பினா எரிஞ்சு விழறான். அப்ப தான் எனக்கு வயித்துல என்னமோ பண்ணுச்சு. நாலு கண்ணாடியும் இறக்கி விட்டு மெதுவா ஓட்டிட்டு வந்தேன். மெதுவா ஓட்டினது தான் இன்னும் தப்புன்னு அப்ப தெரியல.

மறுநாள் அப்பா காலத்து மெக்கானிக்கைத் தேடிப் போனேன், இப்ப எழுபது தாண்டிருச்சு, தொழிலை விட்டுட்டாரு. கேட்டதும் ஒண்ணும் பேசல, ஊதுபத்தி ரெண்டு பத்த வைக்கச் சொன்னாரு. வண்டி ஐடில்ல ஓட ஓட கதவு ரப்பர், டிக்கி பீடிங் (மூடியைச் சுத்தி இருக்க ரப்பர் பட்டி), கால் மிதிக்கிற ஃப்ளோர்ல இருக்க ஓட்டைன்னு ஒவ்வொண்ணா காட்டினாரு, ஊதுபத்திப் புகையை உள்ள இழுக்குது. அப்புறம் பைப் முனையைக் காட்டினாரு. பைப்பு பாடி விளிம்பைத் தாண்டி வெளிய கூட வரல, நாலு விரக்கடை உள்ளயே முடிஞ்சிருந்துச்சு. "தம்பி, இது புகையை வெளிய விடல, வண்டிக்கு அடில விட்டுட்டு இருக்குது. வேகமா போனா காத்து அடிச்சுட்டுப் போயிரும், மலைல ரெண்டாவது கியர்ல முக்கிட்டு ஏறும்போது எங்க போகும்? மேல தான் வரும், பின் கண்ணாடி வழியா பையன் மூஞ்சிக்கு"ன்னாரு.

வண்டிப் புகைல இருக்க விஷவாயு கார்பன் மோனாக்சைடு, அதுக்கு நிறமும் கிடையாது வாசனையும் கிடையாதுங்க. நம்ம ரத்தத்துல இருக்க ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் புடிக்கிறதை விட 200 மடங்குக்கு மேல இதை இறுக்கமா புடிச்சுக்கும். இந்த மாதிரி கார்புரேட்டர் வண்டில புகைல இருக்க விஷத்தைக் குறைக்கிற கேடலிட்டிக் கன்வெர்ட்டர் எல்லாம் கிடையாது, பொகை டெஸ்ட்ல பழைய பெட்ரோல் காருக்கு 3 சதவீதம் வரைக்கும் கார்பன் மோனாக்சைடு இருக்கலாம்னு சட்டமே விட்டு வெச்சிருக்கு. அதுல தான் என் பையனை உக்கார வெச்சு மலை ஏத்தினேன். இதை எழுதும்போது கூட கை கொஞ்சம் நடுங்குது.

அடில நின்னு பாக்கற பள்ளத்து மேல, அதான் பிட்ல, ஏத்திப் பாத்ததும் மத்த கூத்தெல்லாம் வெளிய வந்துச்சு. 304-னு எழுதின பைப்ல காந்தம் பச்சக்குன்னு ஒட்டுது, நிஜ 304-ல பொதுவா ஒட்டாது. கார் கம்பெனிக்காரங்க போடற 409 ஸ்டீல்ல கூட காந்தம் ஒட்டும், அதனால அது மட்டும் வெச்சு சண்டை போட முடியாது, ஆனா அதுக்குள்ளயே வெல்டிங் பக்கத்துல எல்லாம் துரு பூத்திருந்துச்சு, சாதா இரும்பு பைப்புக்கு சில்வர் பெயிண்ட். வளைவே கிடையாது, துண்டு துண்டா அறுத்து ஒட்டியிருக்காங்க. பைப்பைத் தொங்கவிடற ரப்பர் ஹேங்கரைத் தூக்கிட்டு இரும்புப் பட்டையை நேரா பாடில வெல்டு வெச்சிருக்காங்க, எஞ்சின் ரப்பர் மவுண்ட்ல ஆடற சாமான், பைப்பு ஆடாம புடிச்சா அந்த அடி எல்லாம் எங்க போகும், எஞ்சின்ல பைப்பு வந்து சேர்ற மேனிஃபோல்டுக்கு தான், அங்க அதைப் புடிச்சிருக்க ஒரு ஸ்டட் போல்ட் ஏற்கனவே உடைஞ்சு இருந்துச்சு. அந்த எஞ்சின்ல பெட்ரோல் வர்ற கார்புரேட்டரும் சூடான எக்ஸாஸ்டும் ஒரே பக்கம், அங்க புகை லீக் ஆகுதுன்னா யோசிச்சுக்கங்க. பெட்ரோல் லைனுக்கும் பைப்புக்கும் நடுவுல ஒரு விரல் கூட நுழையல. டேங்க்குக்கு சூடுன்னு என்னை பயமுறுத்தின ஆளு செஞ்ச வேலை இது.

இதெல்லாம் கூட மாத்திரலாம். சைடுல பைப்பு வெளிய வரணுமேன்னு கதவுக்கு அடில ஓடற பாக்ஸ் செக்‌ஷனை கேஸ் கட்டர் வெச்சு அரைவட்டமா அறுத்து எடுத்திருக்காங்க. அம்பாசிடருக்கு தனி சேசிஸ் கிடையாது, பாடி தான் சேசிஸ், அந்த பாக்ஸ் தான் வண்டியோட முதுகெலும்பு. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல.

ஆர்சி ரினியூவலுக்கும் அதே சமயம் தேதி வந்துச்சு. பிரேக் இன்ஸ்பெக்டர் குனிஞ்சு ஒரு தடவை பாத்தாரு, "இடது பக்கம் பொகை விடக்கூடாதுன்னு தெரியாதா சார்?"னாரு. எனக்கு நிஜமாவே தெரியாது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல 112-வது விதி, புகை கீழ் நோக்கியும் போகக்கூடாது, வண்டியோட இடது பக்கமும் போகக்கூடாது. நம்ம ஊர்ல இடது பக்கம் தானே பஸ் ஸ்டாப், நடந்து போறவங்க எல்லாம், நியாயம் தான். அடுத்த விதிலயே எக்ஸாஸ்டுக்கும் பெட்ரோல் லைனுக்கும் 35 மில்லிமீட்டராவது இடைவெளி வேணும்னு இருக்கு. ரெண்டுலயும் நான் ஃபெயில். திட்டல, சரி பண்ணிட்டு வாங்கன்னு அனுப்பிட்டாரு.

கடைக்குப் போய் கேட்டேன். முதல்ல "நீங்க தானே சார் சைடுல எடுக்கச் சொன்னீங்க"ன்னாரு. பாடியை அறுக்கச் சொன்னேனான்னு கேட்டா, "அறுக்காம எப்படி சார் சைடுல வரும்?"னு என்னையே கேக்கறாரு. தலையாட்டினது நான் தானே, அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. காசு திருப்பி வராது, வேணும்னா நீளமா ஒரு முனை வெல்டு வெச்சுத் தர்றேன், ஆயிரத்து இருநூறு ஆகும்னாரு. சரி என் பழைய சைலன்சரையாவது கொடுங்க, அளவு எடுக்கவாவது ஆகும்னு கேட்டா, அது அன்னைக்கே பழைய இரும்புக்கு எடை போட்டாச்சாம்.

அப்புறம் வேற ஒருத்தர்கிட்ட, மெதுவா, நான் பக்கத்துலயே ஸ்டூல் போட்டு உக்காந்து வேலையை முடிச்சு வாங்கினேன். பின்னாடி பம்பரைத் தாண்டி ரெண்டு இன்ச் வெளிய, நேரா. ஏன் வெளிய வரணும்னா, ஓடற வண்டிக்குப் பின்னாடி காத்து சுழிச்சுக்கும், முனை பம்பருக்கு உள்ள நின்னா அந்தச் சுழில மாட்டின புகை டிக்கி இடுக்கு வழியா திரும்ப உள்ள வரும். அதனால டிக்கி பீடிங்கும் புதுசு, ஃப்ளோர் ஓட்டை எல்லாம் ரப்பர் மூடி. ராத்திரி டிக்கிக்குள்ள லைட்டைப் போட்டு மூடிட்டு வெளிய நின்னு பாத்தா எங்க வெளிச்சம் கசியுதுன்னு தெரிஞ்சிருது, ஊதுபத்தியை விட இது ஈஸி. பைப்பு முனையைத் துணியால அழுத்தி மூடினா எங்கயாவது புஸ்ஸுன்னு சத்தம் வருதான்னும் பாத்தோம், சூடு பத்திரம்.

யார்கிட்ட விட்டாலும் பைப்பு எந்த வழியா போகுது, எங்க வெளிய வருதுன்னு சாக்பீஸ்ல தரைல வரைஞ்சு காட்டச் சொல்லுங்க, பாடில கட்டிங் உண்டா இல்லையான்னு பில்லுல எழுதி வாங்குங்க. பழைய சாமானை கண்டிப்பா வீட்டுக்குக் கொண்டு வந்திருங்க, துருப்புடிச்சு உதிர்ந்தாலும் சரி.

ரினியூவல் ரெண்டாவது தடவைல ஆயிருச்சு. அறுத்த இடத்துல தகடு வெச்சு வெல்டு பண்ணி பெயிண்ட் அடிச்சாச்சு, தெரியாதவங்களுக்குத் தெரியாது, ஆனா விண்டேஜ் பதிவுக்குப் போட்டோ எடுக்கும்போது அந்தப் பக்கம் கேமரா போனாலே எனக்கு பக்குங்குது, அப்ளிகேஷன் இன்னும் போடல. பையன் பின் சீட்ல ஏற மாட்டேங்கறான், முன்னாடி தான் உக்காருவேன்னு ஒரே அடம்.