தமிழும் பிரெஞ்சும் கலந்த பக்கத்தைத் திருத்த எந்த எடிட்டர்? நோட்பேட் பிளஸ் பிளஸும் விஎஸ் கோடும்

புதுச்சேரியில் ஒரு சிறிய விடுதியின் இணையதளத்தை எடுத்துக்கொள்வோம். முகப்பு, அறைகள், சாப்பாடு, வரும் வழி, தொடர்பு என்று ஐந்து எச்டிஎம்எல் ஃபைல்கள், ஒரு சிஎஸ்எஸ் ஃபைல், படங்களுக்கு ஒரு ஃபோல்டர். தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு மூன்றும் ஒரே பக்கத்தில் வரும். சீசனுக்குச் சீசன் வாடகை மாறும், 0413 என்று தொடங்கும் தொலைபேசி எண் மாறும். இதையெல்லாம் திருத்தப் புதிதாக உட்காருபவர் எடிட்டரைத் தேர்ந்தெடுக்கும்போது கலர் தீமைப் பார்த்து மயங்க வேண்டாம். எழுத்து கெடாமல் இருக்கிறதா, கரண்ட் போனால் வேலை மிஞ்சுமா என்பதை முதலில் பாருங்கள்.

ஒதுக்க வேண்டியவற்றை முதலில் ஒதுக்கிவிடலாம். எம்எஸ் வேர்டில் எச்டிஎம்எல் எழுதவே கூடாது. நேரான மேற்கோள் குறியை அது வளைந்த குறியாக மாற்றிவிடும், பிறகு லிங்க்கும் படமும் வேலை செய்யாது. விண்டோஸோடு வரும் நோட்பேட் அவசரத்துக்கு உதவும். ஆனால் சேமிக்கும்போது 'ஆல் ஃபைல்ஸ்' என்று தேர்ந்தெடுக்காவிட்டால் ஃபைல் பெயருக்குப் பின்னால் டிஎக்ஸ்டி ஒட்டிக்கொள்ளும். பிரவுசரில் திறந்தால் டேகுகள் அப்படியே எழுத்தாகத் தெரிவது பெரும்பாலும் இதனால்தான். ஆட்டம், பிராக்கெட்ஸ் என்ற இரண்டு எடிட்டர்களையும் சில பழைய பாடக் குறிப்புகள் இன்னும் பரிந்துரைக்கின்றன. பிராக்கெட்ஸை அடோபி 2021 செப்டம்பரில் கைவிட்டது, ஆட்டத்தை கிட்ஹப் 2022 டிசம்பரில் மூடியது. சப்லைம் டெக்ஸ்ட் வேகமானது, நல்லது. அதற்கு உரிமக் கட்டணம் உண்டு, வாங்காதவரைக்கும் அவ்வப்போது நினைவூட்டல் பெட்டி வரும். ஐந்து பக்கத் தளத்துக்கு அந்தச் செலவு தேவையில்லை. மிஞ்சுவது நோட்பேட் பிளஸ் பிளஸும் விஎஸ் கோடும். இரண்டும் இலவசம்.

எழுத்துச் சிக்கலில்தான் இரண்டுக்கும் உண்மையான வேறுபாடு இருக்கிறது. புதிதாகத் தொடங்கும் ஃபைலுக்குப் பயமில்லை, இரண்டுமே யூடிஎஃப்-8இல், அதாவது எல்லா மொழி எழுத்தையும் தாங்கும் முறையில் சேமிக்கும். தலைவலி பழைய தளத்தில்தான். பல ஆண்டுகளுக்கு முன் செய்த பிரெஞ்சுப் பக்கங்கள் பெரும்பாலும் ஏஎன்எஸ்ஐ என்ற பழைய முறையில், அதாவது தமிழுக்கு இடமில்லாத விண்டோஸ்-1252இல் இருக்கும். காஃபே என்ற பிரெஞ்சுச் சொல்லின் கடைசி எழுத்துக்குத் தலைமேல் ஒரு சாய்கோடு உண்டு. அந்த எழுத்தைக் கவனித்துப் பாருங்கள்.

பழைய ஃபைலை விஎஸ் கோடில் திறந்தால், அது யூடிஎஃப்-8 என்று எண்ணிக்கொண்டே திறக்கும். அந்தச் சாய்கோட்டு எழுத்து இருந்த இடத்தில் கறுப்பு வைர வடிவத்துக்குள் கேள்விக்குறி தெரியும். அதைக் கவனிக்காமல் வேறெங்கோ வாடகையை மட்டும் திருத்திச் சேமித்தால், அந்த எழுத்து நிரந்தரமாகப் போய்விடும். திரும்பக் கொண்டுவர வழியே இல்லை, கையால்தான் அடிக்க வேண்டும். கேள்விக்குறியைப் பார்த்ததும் எதையும் தொடாமல் கீழ்ப்பட்டையின் வலப்பக்கத்தில் உள்ள 'யூடிஎஃப்-8' எழுத்தைக் கிளிக் செய்யுங்கள். 'ரீஓபன் வித் என்கோடிங்' போய் விண்டோஸ் 1252ஐத் தேர்ந்தெடுங்கள். எழுத்து சரியாகத் தெரிந்த பிறகு, அதே இடத்தில் 'சேவ் வித் என்கோடிங்' போய் யூடிஎஃப்-8 கொடுங்கள். இந்த வரிசை மாறக் கூடாது.

நோட்பேட் பிளஸ் பிளஸ் பழைய ஃபைலைப் பெரும்பாலும் தானே ஏஎன்எஸ்ஐ என்று கண்டுபிடித்துச் சரியாகத் திறந்துவிடும். ஆபத்து அதன் என்கோடிங் மெனுவில் இருக்கிறது. அங்கே 'யூடிஎஃப்-8' என்று ஒன்றும், 'கன்வர்ட் டு யூடிஎஃப்-8' என்று ஒன்றும் இருக்கும். முதலாவது, ஃபைலை யூடிஎஃப்-8 ஆக நினைத்துப் படிக்கச் சொல்கிறது, உள்ளே எதையும் மாற்றாது. அதை அழுத்தினால் பிரெஞ்சு எழுத்துகள் கறுப்புப் பெட்டிகளாகிவிடும். உங்களுக்கு வேண்டியது 'கன்வர்ட்' என்று தொடங்குவதுதான். மாற்றாமலே ஏஎன்எஸ்ஐ ஃபைலில் தமிழ் வரியைச் சேர்த்துச் சேமித்தால் தமிழ் அத்தனையும் கேள்விக்குறி ஆகும், பிரெஞ்சு மட்டும் நன்றாகவே இருக்கும். இப்படி ஒரு பக்கத்தைப் பார்த்தால் காரணம் இதுதான் என்று உடனே சொல்லிவிடலாம். மாற்றியபின் பக்கத்தின் தலைப்பகுதியில், எழுத்து முறையைப் பிரவுசருக்குச் சொல்லும் மெட்டா சார்செட் வரியும் யூடிஎஃப்-8 என்றே இருக்கிறதா பாருங்கள். அது ஃபைலின் முதல் 1024 பைட்டுக்குள் வர வேண்டும்.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் செய்த தமிழ்ப் பக்கம் என்றால் எந்த எடிட்டரிலும் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகத்தான் தெரியும். அதற்கு யூனிகோட் மாற்றி வேண்டும், எடிட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை.

அடுத்தது கரண்ட். 2011இல் 'தானே', 2024இல் 'ஃபெஞ்சல்' என்று புயல் வந்தால் கடலூர், புதுச்சேரி பக்கம் மின்சாரம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. யூபிஎஸ் இல்லாத கம்ப்யூட்டரில் சேமிக்காத வேலைக்கு இரண்டு எடிட்டர்களும் காவல் வைத்திருக்கின்றன. நோட்பேட் பிளஸ் பிளஸ் 7 நொடிக்கு ஒருமுறை சேமிக்காத மாற்றங்களைத் தனியே நகல் எடுக்கும். விஎஸ் கோடும் மறைவாக நகல் வைக்கும். அதோடு 'ஃபைல்' மெனுவில் 'ஆட்டோ சேவ்' போட்டுவிட்டால் தானே சேமித்துக்கொள்ளும். ஒரு எச்சரிக்கை: சேமிக்கும் அந்த நொடியிலேயே கரண்ட் போனால், நோட்பேட் பிளஸ் பிளஸில் ஃபைலை மறுபடி திறக்கும்போது 'நல்' என்ற கறுப்புப் பெட்டிகள் மட்டும் நிறைந்திருப்பது உண்டு. உள்ளிருந்த எழுத்து வட்டில் எழுதப்படவே இல்லை என்று அர்த்தம். மழை நாளில் வேலையைத் தொடங்கும் முன் முழு ஃபோல்டரையும் பென் டிரைவில் ஒரு நகல் போட்டுக்கொள்வது நல்லது.

தொலைபேசி எண்ணை ஐந்து ஃபைலிலும் மாற்றும் வேலையில் விஎஸ் கோடுதான் மேல். 'ஓபன் ஃபோல்டர்' கொடுத்து முழு ஃபோல்டரையும் திறந்து, கண்ட்ரோல், ஷிஃப்ட், எஃப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எந்த ஃபைலில் எந்த வரி என்று பட்டியல் வரும். புது எண்ணை அடித்ததும் ஒவ்வொரு வரியும் மாறினால் எப்படி இருக்கும் என்று காட்டும், வேண்டாததை நீக்கிவிட்டு மாற்றலாம். நோட்பேட் பிளஸ் பிளஸிலும் அதே மூன்று விசைகள்தான். ஆனால் 'ரீப்ளேஸ் இன் ஃபைல்ஸ்' திறக்காத ஃபைல்களை வட்டில் நேரடியாக மாற்றிவிடும், அதைத் திரும்பப் பெற 'அன்டூ' கிடையாது. எண்ணில் ஒரு இலக்கம் தவறாகத் தேடிவிட்டால் நகல்தான் காப்பாற்றும்.

மாற்றியதை உடனே பார்ப்பதற்கும் விஎஸ் கோடு வசதி. லைவ் சர்வர் என்ற எக்ஸ்டென்ஷனைப் போட்டால் கீழே 'கோ லைவ்' என்று வரும். அழுத்தினால் 5500 என்ற போர்ட்டில் பக்கம் திறக்கும், சேமிக்கும்போதெல்லாம் தானே புதுப்பித்துக்கொள்ளும். ஃபோல்டரைத் திறக்காமல் ஒற்றை ஃபைலை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு, ஏன் ஓடவில்லை என்று தேடுவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. புதுப் பக்கம் தொடங்க ஆச்சரியக்குறி போட்டு டேப் தட்டினால் எலும்புக்கூடு முழுவதும் வந்துவிடும். அதில் மொழி 'இஎன்' என்று இருக்கும். தமிழ்ப் பக்கமானால் 'டிஏ', பிரெஞ்சானால் 'எஃப்ஆர்' என்று மாற்றுங்கள். திரையைப் படித்துக்காட்டும் மென்பொருள்கள் உச்சரிப்புக்கு இதைத்தான் பார்க்கின்றன. நீளமான தமிழ் வரி திரைக்கு வெளியே ஓடினால் ஆல்ட்டும் இசட்டும் அழுத்துங்கள், மடங்கி வரும்.

இரண்டுமே சொல்லாமல் விடுவது உண்டு. மூடாத டிவ் டேகை விஎஸ் கோடு தவறென்று காட்டாது. சிவப்புக் கோடு இல்லை என்பதால் பக்கம் சரி என்று நம்பிவிடாதீர்கள், எச்டிஎம்எல் தவறுகளைக் காட்டும் டபிள்யூ3சி சரிபார்ப்பான் என்ற இணையதளத்தில் ஒருமுறை ஒட்டிப் பாருங்கள். படத்தின் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தை விண்டோஸ் பொருட்படுத்தாது. லினக்ஸ் சர்வர் பொருட்படுத்தும். வீட்டில் தெரிந்த கடற்கரைப் படம் தளத்தில் ஏறியதும் காணாமல் போவது இதனால்தான்.

8 ஜிபி ராம், விண்டோஸ் 10 அல்லது அதற்கு மேல் இருந்தால் விஎஸ் கோடைத் தயங்காமல் போடுங்கள். 2 ஜிபி ராமோடு வந்த பழைய மடிக்கணினியில் அது திணறும், விண்டோஸ் 7இல் அதன் புதிய பதிப்பு ஓடவே ஓடாது. அங்கே நோட்பேட் பிளஸ் பிளஸ்தான். 4 ஜிபியில் விஎஸ் கோடு ஓடும், குரோமில் டேபுகளைக் குறைத்துக்கொள்ள வேண்டும். லினக்ஸ் உள்ள பழைய மெஷினுக்கு ஜீனி என்ற எடிட்டர் போதும். பழைய பிரெஞ்சுப் பக்கங்களை யூடிஎஃப்-8க்கு மாற்றும் முதல் நாள் வேலைக்கு மட்டும், பெரிய மெஷின் வைத்திருப்பவர்களும் நோட்பேட் பிளஸ் பிளஸையே எடுத்துக்கொள்ளலாம்.

நோட்பேட் பிளஸ் பிளஸில் என்பிபிஎஃப்டிபி என்ற பிளகின் வழியாக சர்வரில் உள்ள ஃபைலை நேரே திறந்து திருத்த முடியும். சேமித்த அடுத்த கணமே மாற்றம் தளத்தில் ஏறிவிடும், தவறும் அப்படியே ஏறிவிடும். புதியவர்கள் அதைத் தொடாமல், கம்ப்யூட்டரில் திருத்தி, பிரவுசரில் பார்த்து, பிறகு ஃபைல்களைச் சர்வருக்கு அனுப்பும் ஃபைல்ஜில்லாவில் மாறிய ஃபைலை மட்டும் ஏற்றுவது பாதுகாப்பு.