அன்னதான சாம்பாருக்கு மைசூர்ப் பருப்பு: தாராளமாக வாங்கலாம், ஆனால் பாதிக்கு மேல் வேண்டாம்

துவரம் பருப்பு விலை ஏறும்போது பல அன்னதானக் கூடங்களில் முதலில் செய்வது சாம்பாரில் தண்ணீரைக் கூட்டுவதுதான். பசியோடு வந்து உட்காருபவருக்கு அது நியாயமில்லை. மைசூர்ப் பருப்பைக் கலப்பது அதைவிட நல்ல வழி. புரதத்தில் துவரைக்குக் குறைந்ததல்ல, பெரும்பாலும் விலையும் குறைவு.

நூறு பேர் சாம்பாருக்கு இரண்டரை கிலோ பருப்பு என்றால், ஒன்றரை கிலோ துவரை, ஒரு கிலோ மைசூர். இரண்டையும் ஒன்றாகப் போடாதீர்கள். மைசூர் இருபது நிமிடத்தில் குழைந்துவிடும். துவரை முக்கால் பதம் வெந்த பிறகு சேர்த்தால் போதும். நுரை பொங்கும், இரண்டு கரண்டி எண்ணெய் விட்டால் அடங்கும். அடிபிடிப்பதும் இதில் அதிகம், அதனால் தீயைக் குறைத்து அடிவரை கிளறவேண்டும். பருப்பு வேகும் முன் புளி சேர்த்தால் துவரை விறைத்து நிற்கும்.

ஆறினால் சாம்பார் கெட்டியாகிவிடும். கடைசிப் பந்திக்குப் பச்சைத் தண்ணீர் ஊற்றாமல், வெந்நீர் தயாராக வைத்திருங்கள்.

குறை மணத்தில்தான். மைசூர் பாதியைத் தாண்டினால் துவரையின் வாசனை போய்விடும், பெருங்காயம் கூட்டினாலும் திரும்பாது. ரசத்துக்குத் துவரை மட்டும்தான்.

வாங்கும்போது ஒரு பிடியை நீரில் போடுங்கள். உடனே ஆரஞ்சுச் சாயம் இறங்கினால் அந்த மூட்டை வேண்டாம். நைவேத்தியத்தில் மைசூர்ப் பருப்பைச் சேர்க்காத கோயில்களும் உண்டு, முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.