பழைய காலண்டர் படமா, புதிய மறுஅச்சா?

கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டைய ராஜு (1898–1976) வரைந்து, சிவகாசியில் காலண்டர்களுக்காக அச்சான சாமி படங்களை வீட்டில் மாட்ட விரும்பும் நெல்லைச் சீமைக்காரர்கள் பலர், அந்தக் காலத்திலேயே அச்சான பழைய அசலைத் தேடுவதா, மறுஅச்சு வாங்குவதா என்று தயங்குகிறார்கள்.

விலை: மறுஅச்சின் விலை அளவையும் தாளையும் பொறுத்தது. அசலுக்கு நிலையான விலையே கிடையாது. விற்பவர் நம் ஆவலைப் பார்த்துத்தான் சொல்வார்.

பராமரிப்பு: அசல் பெரும்பாலும் மரக்கூழில் செய்த மலிவுத் தாளில் அச்சானது என்பதால் பழுப்பேறி மடிப்பில் நொறுங்கும், மழைக்கால ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டால், பிரிக்கையில் மையும் கூடவே உரிந்துவரும். ஆகவே தாளைப் பழுப்பாக்காத அமிலமற்ற அட்டை வைத்து, கண்ணாடிக்கும் படத்துக்கும் இடைவெளி விட்டே சட்டம் போட வேண்டும். மறுஅச்சு வெளிறினால் வேறொன்று வாங்கிக்கொள்ளலாம்.

அடையாளம்: பூதக்கண்ணாடியில் பார்த்தால் அச்சகத்தில் தகடு கொண்டு அடிக்கும் ஆஃப்செட் அச்சின் வண்ணப் புள்ளிகள் ஒழுங்கான வரிசையில் இருக்கும், கணினி அச்சுப்பொறியில் எடுத்த புதிய இங்க்ஜெட் பிரதியில் அவை மணல் தூவியதுபோல் சிதறியிருக்கும். பழைய படத்தின் மேலே தகரப் பட்டியும் கீழே ஜவுளிக்கடைப் பெயரும் இருந்தால் வெட்டிவிடாதீர்கள்; எனக்கு லட்சுமியைவிட அந்தக் கடைப்பெயர்தான் அதிகம் பிடிக்கும்.

விளக்குப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் படியும் பூஜை அறைக்கு மறுஅச்சே போதும். வெயில் விழாத முன்னறைச் சுவரும், பழைய சாமான் கடைகளில் ஏறி இறங்கும் பொறுமையும் உள்ளவர்கள் அசலைத் தேடலாம்.